புல்வெட்டி மெஷினைத் திரும்பக் கேட்ட கண்டக்டர்

திருச்சி பாலக்கரையில் போய் அற்புதசாமி வீடு எது என்று கேட்டால் ஆளாளுக்கு யோசிப்பார்கள். ஏணி கண்டக்டர் வீடு என்று கேட்டுப் பாருங்கள், பஜ்ஜி போடுகிறவர்கூடக் கரண்டியை நீட்டி வழி காட்டுவார். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் போய்ப் போய் வந்தே தலை நரைத்து, ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த மனிதர் அவர். ஏணி எப்படிப் பெயரோடு ஒட்டிக்கொண்டது என்றால், அந்தத் தெருவிலேயே சொந்தமாக ஏணி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். வைத்திருந்தார் என்று சொல்வதுகூடத் தப்பு. வாங்கினார். வாங்கிய மறுநாளே யாரோ வெள்ளையடிக்கக் கேட்டார்கள், கொடுத்தார். அதற்கப்புறம் அந்த ஏணியை அவர் வீட்டுச் சுவர் பார்க்கவே இல்லை. ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. எந்த வீட்டு வாசலில் சாய்ந்திருந்தாலும், "அதோ கண்டக்டர் ஏணி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவரும் அந்த வழியாகப் போகும்போது பார்ப்பார். உறவுக்காரரைப் பார்த்த மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வந்துவிடுவார்.

கொடுப்பதில் அவருக்கு அப்படி ஒரு ஆசை. திரும்பக் கேட்க மட்டும் நாக்கு எழாது. சுவரில் துளை போடுகிற டிரில், கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய குக்கர், மழைக்கோட்டு, எல்லாம் இப்படிப் போனவைதான்.

"நாள் பூரா டிக்கெட் டிக்கெட்டுன்னு ஊரையே கேட்ட மனுஷன்தானே நீங்க? நம்ம குக்கரைப் போய்க் கேக்க மட்டும் என்ன வந்துச்சு?" என்று அவர் மனைவி ரோசரி கேட்பாள்.

"அது சர்க்கார் டிக்கெட்டு, ரோசரி. கேக்கறது என் வேலை. நம்ம பொருளைப் போய்க் கேட்டா, நீ அமுக்கிக்கிட்டியான்னு கேட்ட மாதிரி ஆயிடும்."

"அமுக்கிக்கிட்டாங்கதானே?"

"வெச்சிருக்காங்க. அமுக்கிக்கல."

"ஆமா, அவங்க வெச்சிருக்காங்க. நான் சட்டியில பருப்பு வேக வெச்சுக்கிட்டு இருக்கேன்."

அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொள்வார். ரோசரியின் வாய்க்குப் பதில் சொல்லி ஜெயித்தவர் பாலக்கரையில் எவரும் இல்லை.

இப்படிப்பட்டவர் ஒருநாள் ஒரு நீளமான அட்டைப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். உள்ளே இருந்தது பேட்டரியில் ஓடும் புல்வெட்டி மெஷின். ஆள் உயரத்துக்கு ஒரு கம்பி. ஒரு முனையில் சுழலும் பிளேடு, மறு முனையில் பேட்டரி, நடுவில் கைப்பிடி. கைப்பிடியில் இருக்கும் சுவிட்சை விரலால் அழுத்திப் பிடித்தால் பிளேடு சுற்றும், விரலை எடுத்தால் நிற்கும். பெட்டிமேல் வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று அச்சடித்திருந்தது.

ரோசரி பெட்டியைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள். பாலக்கரையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடு அது. கொல்லைப்புறம் என்று பேருக்கு ஒரு துணி துவைக்கிற கல். வாசலில் ஒரு ரோஜாத் தொட்டி.

"ஏங்க, நம்ம வீட்ல புல்லு எங்க இருக்கு?"

"நமக்கு இல்ல."

"பின்னே? இந்தத் தொட்டியில இறங்கி வெட்டப் போறீங்களா?"

"கல்லறைத் தோட்டத்துக்கு வாங்கினேன்."

அதுதான் விஷயம். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்றைக்குக் குடும்பம் குடும்பமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், தங்கள் வீட்டுப் பெரியவர்கள் படுத்திருக்கிற இடத்தில் பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாக வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். ஆனால் அதற்கு முன்னால் ஐப்பசி மழை ஒன்று இருக்கிறதே, அது யாரைக் கேட்டுப் பெய்கிறது? கோரையும் அருகும் நாயுருவியும் இடுப்பு உயரத்துக்கு எழும்பிச் சிலுவையைக்கூட மறைத்துவிடும். போன வருஷம் வயதானவர்கள் குனிந்து குனிந்து அரிவாளால் அறுத்துவிட்டு நிமிர முடியாமல் நின்றதை அற்புதசாமி பார்த்தார். அப்போதே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். பாலக்கரையிலேயே மோட்டார், மெஷின் எல்லாம் விற்கிற காஜா மைதீன் கடையில் சொல்லி வைத்து வாங்கிவிட்டார்.

"சரி, முதல்ல உங்க அம்மா அப்பா கல்லறையை வெட்டிட்டு அப்புறம் ஊருக்குக் குடுங்க" என்றாள் ரோசரி.

"நம்மளுது கடைசியில பாத்துக்கலாம். கேக்கறவங்க முதல்ல வெட்டட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் மெஷின் கை மாறியது. அங்கேயே மெழுகுவத்திக் கடை வைத்திருக்கும் பிலோமின்ராஜ்தான் முதலில் வாங்கினான். அதற்கப்புறம் அது யார் யாரிடம் போயிற்று என்று அற்புதசாமிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர் முயலவில்லை. ஊரில் யாராவது, "மெஷின் பிரமாதம் கண்டக்டரே" என்று சொன்னால் போதும், அன்றைக்கு ஒரு தோசை கூடச் சாப்பிடுவார்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் காலையில் போன் வந்தது. ஒரு பெண் குரல்.

"சார், நீங்க வாங்கின புல்வெட்டி மெஷின் விஷயமாப் பேசறோம் சார். கம்பெனியில இருந்து."

"ஓடிபி எல்லாம் சொல்ல மாட்டேம்மா."

"ஓடிபி வேண்டாம் சார்."

"வேண்டாம்னு சொல்லித்தாம்மா முதல்ல ஆரம்பிப்பீங்க."

"சார், அந்த மாடல்ல சுவிட்சுல ஒரு குறை கண்டுபிடிச்சிருக்கோம். விரலை எடுத்தாலும் சில மெஷின் நிக்க மாட்டேங்குது. வித்ததை எல்லாம் திரும்ப வாங்கிக்கறோம் சார். தயவுசெஞ்சு ஓட்டாதீங்க."

"என் பேங்க்ல ஒண்ணுமே இல்லம்மா. வேற யாரையாவது பாரு."

அந்தப் பெண்ணுக்கு இப்படி எத்தனை பேரிடம் பேச்சுக் கேட்டுப் பழக்கமோ, கோபித்துக்கொள்ளவில்லை. "என்னை நம்ப வேண்டாம் சார். வாங்கின கடையில கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் சுவிட்சைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ரோசரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "திருட்டுப் பசங்களா?"

"அப்படித்தான் இருக்கும்" என்றார். ஆனால் சட்டையை எடுத்து மாட்டினார். திருடன் எதையாவது கொடு என்றுதான் சொல்வான். தொடாதே என்று சொல்லிவிட்டு அவனாகவே போனை வைப்பானா? அந்த இடம்தான் அவரை உறுத்தியது.

காஜா மைதீன் கடையில் பங்குனி வெயிலில் நிற்கிறவர் மாதிரி வியர்த்துப் போய், போனும் கையுமாக நின்றிருந்தார்.

"வாங்க கண்டக்டர் சார், உங்களுக்குத்தான் போட்டுக்கிட்டே இருக்கேன், பிஸி பிஸின்னே வருது."

"கம்பெனிப் பொண்ணுகிட்ட சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன் பாய். அது நெசமா?"

"வல்லாஹி, அல்லா மேல ஆணையா நெசம். நேத்து சாயங்காலம் எனக்கே சொன்னாங்க. நம்ம கடையில வாங்கினவங்க எல்லாருக்கும் போன் போட்டுக்கிட்டு இருக்கேன். சமயபுரத்துல ஒரு லாட்ஜுக்காரர் தோட்டத்துக்கு வாங்கினாரு, அவருக்கு நின்னுடுச்சாம். இன்னொருத்தருக்கு விரலை எடுத்தப்புறமும் சுத்திக்கிட்டே இருந்துச்சாம். நல்லவேளை, செவுத்துல மோதி நின்னுச்சு. மெஷினைக் கொண்டாங்க, உள்ளே வெச்சுப் பூட்டிடறேன். புதுசு அனுப்பறாங்க, காசு கிடையாது."

"என்கிட்ட இல்லியே பாய்."

"யார்கிட்ட இருக்கு?"

அற்புதசாமி கூரையைப் பார்த்தார்.

காஜா மைதீனுக்குப் புரிந்துவிட்டது. அவரும் பாலக்கரைக்காரர்தானே. "கண்டக்டர் சார், கம்பெனிக்காரனே வெக்கப்படாம வித்ததைத் திரும்பக் கேக்கறான். உங்களுக்கு என்ன? போய்க் கேளுங்க. இன்னொண்ணு. யாராவது ஓட்டிக்கிட்டு இருக்கும்போது நிக்கலைன்னா, சுவிட்சோட மல்லுக்கட்ட வேண்டாம். பின்னாடி பேட்டரி ரெண்டு பக்கமும் ஒரு பித்தான் இருக்கு பாருங்க. ரெண்டையும் அமுக்கி ஒரே உருவா உருவிடணும். அவ்வளவுதான்."

அற்புதசாமி தலையை ஆட்டிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். போய்க் கேளுங்க என்று சொல்வது சுலபம். கேட்கிற வாய் அவருடையதல்லவா?

கோயில் வாசலில் பிலோமின்ராஜ் கடையில் ஈ நுழைய இடமில்லை. மெழுகுவத்திக் கட்டும் மலர் வளையமுமாக ஒரே தள்ளுமுள்ளு. அவன் அற்புதசாமியைப் பார்த்ததும் கூட்டத்தின் தலைக்கு மேலே கத்தினான்.

"அண்ணே வாங்க! எங்க தாத்தா கல்லறை இப்ப கிரிக்கெட் கிரவுண்டு மாதிரி இருக்குண்ணே!"

"நல்லா ஓடிச்சா?"

"சூப்பரா ஓடிச்சு."

"நிறுத்தினா நின்னுச்சா?"

"என்னண்ணே கேக்கறீங்க? நிக்காம என்ன பண்ணும், பின்னாடியே வீட்டுக்கு வருமா?"

கூட்டம் சிரித்தது. அற்புதசாமியும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இல்லடா, கம்பெனியில இருந்து போன் வந்துச்சு" என்று ஆரம்பித்தார்.

"ஐயோ அண்ணே! எடுத்துப் பேசினீங்களா? எங்க மச்சானுக்கும் இப்படித்தான் வந்துச்சு, பார்சல்ல என்னமோ இருக்குன்னு. கட் பண்ணுங்க, நம்பரை பிளாக் பண்ணுங்க."

"காஜா பாயும் சொன்னாரு..."

"பாயையும் ஏமாத்திட்டானுங்களா?"

இதற்கு மேல் அந்த நெரிசலில் என்ன பேசுவது? இத்தனை பேர் முன்னால் மெஷின் எங்கே என்று கேட்டால், கொடுத்துவிட்டுப் பின்னாலேயே வந்து நிற்கிறார் பார் என்று நினைக்க மாட்டார்களா? அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இப்ப மெஷின் எங்க ஓடிக்கிட்டு இருக்கு?" என்று சும்மா விசாரிக்கிற மாதிரி கேட்டார்.

"பெலிண்டா டீச்சர்கிட்ட குடுத்தேன். நீங்க கவலையே படாதீங்கண்ணே, மெதுவா வரட்டும்."

அவரைப் பார்த்து ஊரே இப்படித்தான் சொல்லும். மெதுவா வரட்டும். அவரும் ஆமாம் போடுவார். அன்றைக்கும் வாய் பழக்கத்தில், "அதுக்கென்ன" என்று சொல்லிவிட்டது. ஸ்கூட்டரில் ஏறிய பிறகுதான் தன் வாயைத் தானே திட்டிக்கொண்டார்.

பெலிண்டா டீச்சர் வீடு இரண்டு தெரு தள்ளி. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாமந்திப் பூவைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். தெருவிலேயே கறாரான மனுஷி. வாங்கிய பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரமாட்டாள், சர்க்கரையாவது போட்டுத்தான் தருவாள்.

"வாங்க சார். உங்களை மாதிரி ஒரு மனுஷரைப் பாக்க முடியாது. இப்பத்தான் எங்க நாத்தனார்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன். குடுத்தா குடுத்ததுதான், ஒரு நாள் வந்து எங்கேன்னு கேட்டதில்லைன்னு."

அற்புதசாமிக்கு வந்த வார்த்தை தொண்டையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் வாங்கிக் குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். பூ விலையைப் பற்றிப் பேசினார். கடைசியில் எப்படியோ, "டீச்சர், அந்த மெஷின்ல ஏதோ கோளாறாம்..." என்றார்.

பூக்கிள்ளுவது நின்றது.

"கோளாறா? நான் வாங்கும்போது எப்படி இருந்துச்சோ அப்படியே துடைச்சுத்தான் சார் குடுத்தேன். ஒரு கீறல் கிடையாது."

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலை டீச்சர்."

"பின்னே எப்படிச் சொல்றீங்க? பேட்டரிகூட சார்ஜ் போட்டுத்தான் குடுத்தேன். என் வீட்டுக் கரண்டுல."

பார்த்தீர்களா? இதற்குத்தான் அவர் ஆயுள் பூராவும் பயந்தார். கேட்டால் குற்றம் சொன்ன மாதிரி. சொன்ன மாதிரியே ஆகிவிட்டது. "இல்லைங்க, இல்லைங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பேசாமல் எழுந்து போய்விடலாம் என்று குனிந்து செருப்பைத் தேடினார். அப்போதுதான் டீச்சரின் கால் கண்ணில் பட்டது. வலது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. துணியில் ரத்தம் காய்ந்திருந்தது.

"கால்ல என்னங்க?"

"அது ஒண்ணுமில்ல. நேத்து வெட்டும்போது ஒரு கல்லு தெறிச்சுது. சுவிட்சை விட்டுட்டேன், அது பாட்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம் சுத்திச்சு. எனக்குப் பழக்கம் இல்லைல்ல, அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்."

"செருப்பு போட்டிருக்கலையா?"

டீச்சர் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "எங்க அம்மா தலைமாட்டுல செருப்புக் காலோட நிக்கச் சொல்றீங்களா சார்?"

இது அற்புதசாமிக்குத் தோன்றவே இல்லை. கல்லறைத் தோட்டத்தில் வாசலோடு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே போவார்கள். சின்ன வயதிலிருந்து அவரும் அப்படித்தான். மெஷினோடு வந்த தாளில் கெட்டியான பூட்ஸ் போட்டுக்கொள்ளச் சொல்லிப் படம் போட்டிருந்தது. அதை எழுதினவனுக்குப் பாலக்கரைக்காரர்கள் எங்கே போய்ப் புல் வெட்டுவார்கள் என்று தெரியுமா? வீட்டுக்கு என்று வாங்கி, அம்மா அப்பா படுத்திருக்கிற இடத்தில் வெறுங்காலோடு நின்று ஓட்டுவார்கள் என்று அவன் கண்டானா?

"மெஷின் இப்ப யார்கிட்ட டீச்சர்?"

அவர் குரல் மாறியதை டீச்சர் கவனித்திருக்க வேண்டும். பூக்கூடையைக் கீழே வைத்தாள். "ஷெர்லின் வாங்கிட்டுப் போனா. ஆஸ்பத்திரி லேப்ல இருக்காளே, அந்தப் பொண்ணு. இந்நேரம் கல்லறைத் தோட்டத்துலதான் இருப்பா. என்ன சார், என்ன ஆச்சு?"

"அந்தச் சுவிட்சு நிக்காது டீச்சர். நீங்க ஒண்ணும் பண்ணலை. அது வரும்போதே அப்படி." சொல்லிக்கொண்டே ஸ்கூட்டரை உதைத்தார். இதை முதலிலேயே இப்படிச் சொல்லியிருந்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகியிருக்கும் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஷெர்லினின் அப்பா அந்த வருஷம் மார்ச்சில்தான் இறந்தார். அவள் வீட்டுக்கு அது முதல் கல்லறைத் திருநாள். அந்தப் பெண் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்வாள் என்று அற்புதசாமிக்குத் தெரியும். ஓரத்தில் இருக்கிற ஒரு அருகம்புல்லைக்கூட விடமாட்டாள். பிளேடைக் காலோரம் கொண்டுவந்து கொண்டுவந்து வெட்டுவாள். இதை நினைக்க நினைக்க அவர் ஸ்கூட்டரின் காது திருகப்பட்டது. வேகமாக ஓட்டுகிறவர் இல்லை அவர். அன்றைக்கு ஒரு டவுன் பஸ்ஸையே முந்தினார்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே திருவிழா மாதிரி இருந்தது. சுண்ணாம்பு அடிக்கிறவர்கள், சிலுவைக்குக் கறுப்புப் பெயிண்ட் தொடுகிறவர்கள், தண்ணீர் சுமக்கிறவர்கள். ஒரு மூலையில் ஒரு அடைசலான கூட்டம். எல்லோரும் மெஷினுக்காகக் காத்திருக்கிறவர்கள். அவர்களுக்கு நடுவில் ஷெர்லின் சுடிதாரை இழுத்துச் செருகிக்கொண்டு, பாதம் மண்ணில் புதைய நின்று வெட்டிக்கொண்டிருந்தாள். பிளேடு விர்ரென்று சுற்றியது. அவள் அம்மா பக்கத்துக் கல்லறையில் உட்கார்ந்து, "அங்க, அங்க, அந்த ஓரம்" என்று கை காட்டிக்கொண்டிருந்தாள்.

"ஷெர்லின்! நிறுத்தும்மா!"

மெஷின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அற்புதசாமி இரண்டு விரலை வாயில் வைத்தார். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஓட்டுநருக்குக் கொடுப்பாரே, அதே நீளமான ஒற்றை விசில். திருச்சியில் பிறந்தவர்களுக்கு அந்த ஒற்றை விசில் காதில் விழுந்தால் கால் தானாக நிற்கும். தோட்டமே நின்றது. சுண்ணாம்பு மட்டை நின்றது. ஷெர்லினும் விரலை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

பிளேடு நிற்கவில்லை.

அவள் சுவிட்சைப் பார்த்தாள். தட்டினாள். பிளேடு அது பாட்டுக்குச் சுற்றியது. அவள் பதறிப் பின்வாங்க, கம்பி ஒரு பக்கம் சாய, முன்னால் நின்றவர்கள் கலைந்து ஓடினார்கள். அவள் அம்மா எழுந்து மகளை நோக்கி வந்தாள்.

"யாரும் கிட்ட போகாதீங்க! அம்மா, நீங்க அங்கயே நில்லுங்க!" பஸ் நெரிசலில் கடைசி சீட்டுவரை கேட்கிற குரல் அது. "ஷெர்லின், கீழே போட்டுடாதே. ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடி. பிளேடை உன் காலுக்கு எட்டமா, முன்னாடி நீட்டி வெச்சுக்க. என்னைப் பாக்காதே, பிளேடைப் பாரு. நான் பின்னாடி வரேன்."

"நிக்க மாட்டேங்குது அங்கிள்!"

"தெரியும்மா. அது நிக்காது. நீ நில்லு."

அவர் அவளுக்குப் பின்னால் போனார். செருப்போடுதான் போனார். கழற்ற நேரமில்லை, அங்கே படுத்திருந்தவர்கள் மன்னித்திருப்பார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். பேட்டரியின் இரு பக்கமும் விரலைக் கொடுத்து அழுத்தி, ஒரே உருவாக உருவினார். பிளேடு முனகிக்கொண்டே ஓய்ந்து நின்றது.

ஷெர்லின் சிரிப்பும் அழுகையுமாக மூச்சு விட்டாள். அவள் அம்மா வந்து மகளின் இரண்டு பாதத்தையும் குனிந்து தடவிப் பார்த்தாள். எல்லா விரலும் இருந்தன.

பயம் தெளிந்ததும் ஊர் பழையபடி ஊராகிவிட்டது. "பேட்டரியைப் போட்டுப் பாருங்க, சரியாயிருக்கும்" என்றார் ஒருவர். "எங்க முறை வந்தாச்சு, நான் பாத்து ஓட்டிக்கறேன்" என்றார் இன்னொருவர். இருட்டுவதற்குள் வெட்டியாக வேண்டுமே என்ற கவலை அவர்களுக்கு. மெஷின் இருக்கிற தைரியத்தில் அரிவாளைத் தொடாமல் கடைசிவரை தள்ளிப் போட்டவர்கள்தானே எல்லோரும்.

அற்புதசாமி கையை நீட்டினார்.

"மெஷினைக் குடும்மா ஷெர்லின்."

"இந்தாங்க அங்கிள்."

"என்னண்ணே, குடுத்துட்டுத் திரும்பக் கேக்கறீங்க?" கூட்டத்திலிருந்து ஒரு குரல். பிலோமின்ராஜ். கடையை யாரிடமோ விட்டுவிட்டு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தான்.

"ஆமாடா, கேக்கறேன்" என்றார் அற்புதசாமி. சொல்லி முடித்ததும் வானம் இடிந்து விழுகிறதா என்று பார்த்தார். விழவில்லை. அதனால் இன்னொரு தடவை கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். "என்னுது. கேக்கறேன். யாருக்கும் கிடையாது. கம்பெனியே திரும்ப வாங்குது. இது காஜா பாய் கடைக்குப் போகுது, வேற எங்கயும் போகாது. பிலோமின்ராஜு, நீ சும்மா நிக்காதே. பேட்டரியைப் பிடி, தனியா பையில போடு."

பிலோமின்ராஜ் பேட்டரியை வாங்கிக்கொண்டான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஆளாளுக்கு வீட்டுக்குப் போன் போட்டு அரிவாள் கொண்டுவரச் சொன்னார்கள். பெலிண்டா டீச்சர் கால் விரலில் கட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள், கையில் ஒரு கருக்கரிவாள், ஒரு பிளாஸ்க் டீ. யார் கல்லறை என்று பார்க்காமல் கைக்கு எட்டியதை எல்லோரும் அறுத்தார்கள். குனிய முடியாதவர்களை உட்கார வைத்துவிட்டு அவர்கள் பங்கையும் சேர்த்து இளசுகள் அறுத்தன. மெஷினை வாங்கிக்கொண்டு போன கண்டக்டரை வாய் ஓயாமல் திட்டினார்கள், வேலையும் ஓயாமல் நடந்தது. ஊர்ச் சிரிப்பும் வம்பும் கேட்டு அங்கே படுத்திருந்தவர்களுக்கு அன்றைக்குப் பொழுது நன்றாகப் போயிருக்கும்.

அற்புதசாமி மெஷினைக் கொண்டுபோய்க் காஜா மைதீனிடம் ஒப்படைத்துவிட்டு ரோசரியைக் கூட்டிக்கொண்டு திரும்பி வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. தோட்டம் முழுக்கச் சுத்தமாகிவிட்டது. கடைசி வரிசையில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கோரை இடுப்புக்கு நின்றது. அவர் அம்மா அப்பா கல்லறை. மறைந்து கிடந்ததால் அதை ஒருவரும் பார்க்கவில்லை.

ரோசரி இடுப்பில் கை வைத்தாள். "நம்மளுது கடைசியிலன்னீங்களே. வந்தாச்சு கடைசி. எதால வெட்டப் போறீங்க?"

அவரிடம் அரிவாள் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது, யாரிடமோ இருக்கிறது. ஷெர்லினும் அவள் அம்மாவும் அப்போதுதான் சாமானைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அற்புதசாமி நேராகப் போய் நின்றார்.

"ஷெர்லின், அந்த அரிவாளைக் கொஞ்சம் குடும்மா."

அறுபது வயதைத் தாண்டிய அந்த மனிதர் வாய்விட்டு ஒரு பொருளைக் கேட்டது அன்றைக்கு இரண்டாவது தடவை. ரோசரி திரும்பி நின்று முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி சிரிப்பை மறைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பூசைக்குப் புறப்படும் நேரம். வாசலில் ஷெர்லின்.

"அங்கிள், அரிவாள் வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவ்வளவுதான். கண் தாழவில்லை, கால் விரலால் தரையில் கோடு போடவில்லை. கேட்டாள், வாங்கினாள், "தேங்க்ஸ் அங்கிள்" என்று ஸ்கூட்டியில் ஏறிப் போனாள். அவர் அமுக்கிக்கொண்டார் என்று அவள் நினைத்த மாதிரியும் தெரியவில்லை. அவருக்கும் சுருக்கென்று படவில்லை. அற்புதசாமி தெருமுனை வரை அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பாத்தியா ரோசரி? எப்படிக் கேட்டா பாத்தியா?"

"எப்படிக் கேட்டா? வாயால கேட்டா" என்றாள் ரோசரி.

தை மாதம் புது மெஷின் வந்தது. காஜா மைதீனே கொண்டுவந்து கொடுத்து, சுவிட்சை அழுத்தியும் விட்டும் தெருவே பார்க்க ஓட்டிக் காட்டினார். விரலை எடுத்த கையோடு பிளேடு நின்றது. மறுநாளே பிலோமின்ராஜ் வந்துவிட்டான். மாமனார் வீடு மருங்காபுரியில், கிணற்றடியில் புதர் மண்டிக் கிடக்கிறதாம்.

"பூட்ஸ் இருக்கா?" என்றார் அற்புதசாமி.

"என்னது?"

"கால்ல போட பூட்ஸ். அது இல்லாம மெஷின் கிடையாது. கல்லறையா இருந்தாலும் சரி, கிணத்தடியா இருந்தாலும் சரி. செத்தவங்க கோவிச்சுக்கிட்டா என்கிட்ட அனுப்பு."

பிலோமின்ராஜ் எங்கேயோ போய் மழைக்காலத்து ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி தேடிக்கொண்டு வந்து, காலில் மாட்டிக் காட்டிவிட்டுத்தான் மெஷினை வாங்கினான். ஞாயிறு இரவு திரும்பி வந்தான் என்று தெரியும். திங்கள் காலையில் அவன் கடை திறப்பதற்கு முன்னாலேயே அற்புதசாமி கதவைத் தட்டினார்.

"மெஷின்."

"அண்ணே, இன்னும் பல்லுகூட விளக்கலை. சாயங்காலம் கொண்டாந்து தரேனே."

"நீ பல்லு விளக்கு. நான் நிக்கறேன்."

மெஷினைத் தோளில் வைத்துக்கொண்டு, சுற்றிப் போகிற வழியாக, நாலு பேர் பார்க்கிற தெருவாகப் பார்த்து நடந்து வந்தார். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ரோசரி நிமிர்ந்து பார்த்தாள். மாவு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, கதவு இரண்டையும் அகலத் திறந்துவிட்டாள்.

"போங்க, உள்ளே வைங்க" என்றாள். "இனிமே காலையில எழுந்ததும் உங்களை எதைச் சொல்லித் திட்டறது? அதையும் நீங்களே யோசிச்சு வைங்க."